ஹாஜி முராத்தும் ஐம்பது வருடக் கடனும்

அன்புள்ள அண்ணா,

எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற மாதம் டால்ஸ்டாயின் ‘ஹாஜி முராத்’ நாவலை எடுத்துக்கொண்டோம். ‘போரும் அமைதியும்’ நாவலை இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் பாதியில் நிறுத்தியவள் நான். இதை இரண்டே இரவுகளில் முடித்துவிட்டேன். பையிலிருந்து ஹாஜி முராத்தின் வெட்டப்பட்ட தலையை எடுத்துக் காட்டும் இடத்தைப் படித்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆனால் கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஒரு நண்பர் கேட்டார்: “ஹாஜி முராத் முதலில் ரஷ்யர்களோடு இருந்தான். அப்புறம் ரஷ்யர்களை எதிர்த்துப் போரிட்ட மலைத்தலைவர் ஷாமிலிடம் போனான். மறுபடி ரஷ்யர்களிடம் வந்தான். கடைசியில் அவர்களிடமிருந்தும் ஓடினான். இரண்டு பக்கத்துக்கும் துரோகம் செய்தவனைப் போய் டால்ஸ்டாய் ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்?” இன்னொருவர், “ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்று அந்த வயதில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், கத்தியோடு செத்தவனைப் பற்றி எப்படி இத்தனை ஆசையாக எழுதினார்?” என்றார். எனக்கு இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு நாவல் பிடித்திருந்தது, அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

ஹாஜி முராத் உண்மையில் வாழ்ந்தவரா? தலையை வெட்டி அனுப்பியது நடந்ததா? சிப்பாய் அவ்தேயேவின் குடும்பக் கதையும் ஜார் மன்னர் வரும் அத்தியாயமும் எதற்காக நடுவில் வருகின்றன? அந்தக் காலத்துப் பின்னணியையும், டால்ஸ்டாய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் ‘துரோகம்’ என்று சொன்னதை அவருக்கு முன்பே சொன்னவர் டால்ஸ்டாய்தான். அதுவும் கேள்வியாக இல்லை, தீர்ப்பாகவே சொன்னார்.

1851 டிசம்பர் 23. இடம் திஃப்லிஸ், இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி. 23 வயது டால்ஸ்டாய் ராணுவத்தில் சேர்வதற்கான காகிதங்களுக்காக அங்கே காத்திருந்தார். அன்று அண்ணன் செர்கேய்க்கு எழுதிய கடிதத்தில் காக்கசஸ் செய்தி ஒன்றைச் சொல்கிறார். ஷாமிலுக்கு அடுத்த இடத்தில் இருந்த ஹாஜி முராத் என்பவன் சில நாட்களுக்கு முன் ரஷ்ய அரசிடம் சரணடைந்திருக்கிறான். செச்சென்யா முழுவதிலும் முதல் வீரன், முதல் துணிச்சல்காரன் அவன்தான். ஆனால் கீழ்த்தரமான காரியம் செய்துவிட்டான். அவ்வளவுதான், அந்த விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது. அதே டிசம்பரில், அதே ஊரில்தான் ஹாஜி முராத்தும் இருந்தார், காக்கசஸை ஆண்ட ரஷ்ய வைஸ்ராய் வரன்சோவின் பாதி விருந்தாளியாக, பாதிக் கைதியாக.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாஜி முராத் செச்சேனியர் இல்லை, செச்சென்யாவுக்குப் பக்கத்திலுள்ள தாகெஸ்தானின் குன்ஸாக் ஊரைச் சேர்ந்த அவார் இனத்தவர். இளம் டால்ஸ்டாய்க்கு அப்போது மலைக்காரர்கள் எல்லாரும் ஒன்றுதான். தன் அந்த ஒரு வரியை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆயிற்று. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்த நாவல் எழுதப்பட்டது என்று நான் நினைக்கிறேன். அது என் வாசிப்பு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். முதலில் அந்தப் போர்.

1801-ல் ரஷ்யா ஜார்ஜியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் நடுவில் காக்கசஸ் மலை குறுக்கே கிடக்கிறது. அங்கே செச்சேனியர், அவார், செர்க்கேசியர் என்று பத்துப் பன்னிரண்டு மொழிகளுக்கு மேல் பேசும் மக்கள் யாருக்கும் கப்பம் கட்டாமல் வாழ்ந்தார்கள். புதிய நிலத்தைப் பிடித்தாயிற்று, அதற்குப் போகும் வழி கையில் இல்லை. 1816-ல் தளபதியாக வந்த யெர்மோலவ் 1818-ல் ஒரு கோட்டை கட்டி அதற்குக் ‘குரோஸ்னயா’ என்று பெயர் வைத்தார். ‘அச்சுறுத்துவது’ என்று பொருள். இன்றைய செச்சென்யாவின் தலைநகர் குரோஸ்னி அதுதான்.

மலையில் எதிர்ப்பு மதத்தின் வழியாகத் திரண்டது. பரம்பரை வழக்கத்தை விட்டு ஷரியத்தின் கீழ் எல்லாரும் ஒன்றாகுங்கள், ரஷ்யனை எதிர்த்துப் போரிடுங்கள் என்றார்கள் இமாம்கள். முதல் இமாம் காஸி முகம்மது 1832-ல் கிம்ரி கிராமத்தில் ரஷ்யர்களோடு சண்டையிட்டுச் செத்தார். இரண்டாமவர் ஹம்ஸாத். மூன்றாமவர் ஷாமில். 1834-லிருந்து 1859-ல் கூனிப் மலையில் சரணடையும்வரை 25 வருடம் ஒரு பேரரசை அவர் தடுத்து நிறுத்தினார்.

ஹாஜி முராத்தின் கதை இரண்டாம் இமாமிடம் தொடங்குகிறது. குன்ஸாக்கில் அவார்களின் கான் குடும்பம் ஆண்டுவந்தது. ஹாஜி முராத்தின் தாய் அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள். கான் வீட்டுப் பிள்ளைகளும் இவர்களும் அண்ணன் தம்பிகளாக வளர்ந்தார்கள். 1834-ல் ஹம்ஸாத் சமாதானம் பேசக் கூப்பிட்டு அந்தக் கான்களைக் கொன்றான். பழிவாங்காமல் இருக்க மலையில் வழியே இல்லை. ஹாஜி முராத்தும் அண்ணன் உஸ்மானும் குன்ஸாக் மசூதிக்குள்ளேயே ஹம்ஸாத்தைக் கொன்றார்கள். உஸ்மான் அங்கேயே செத்தான். இனி முரீத்களோடு, அதாவது இமாமின் சீடர்களான போராளிகளோடு, சேர வழியில்லை என்றாகி, ஹாஜி முராத் ரஷ்யர்கள் பக்கம் நின்று குன்ஸாக்கைக் காத்துவந்தார்.

அங்கே அவருக்கு ஒரு போட்டியாள் இருந்தான், மெஹ்துலியின் அஹ்மத் கான். ஹாஜி முராத் ரகசியமாக ஷாமிலோடு சேர்ந்துவிட்டான் என்று அவன் ரஷ்யர்களிடம் கோள் சொன்னான். 1840-ல் ஹாஜி முராத்தைக் கட்டி, சிப்பாய்களோடு மலைப்பாதையில் நடத்திக் கொண்டுபோனார்கள். பாதை குறுகிய இடத்தில், தன்னைக் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்த சிப்பாயையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் குதித்தார். சிப்பாய் செத்தான். இவருக்கு எலும்புகள் நொறுங்கின, பிழைத்தார். நாவல் முழுக்க அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பதை டால்ஸ்டாய் சொல்லிக்கொண்டே இருக்கிறாரே, அந்த நொண்டல் அன்று வந்தது. அதற்குப் பிறகுதான் ஷாமிலிடம் போனார். பத்து வருடத்துக்கு மேல் அவருடைய மிகச் சிறந்த தளபதியாக இருந்தார். ஷாமில் தன் மகனை வாரிசாக அறிவித்தபோது, அடுத்த இமாம் யாரென்று வாள் சொல்லட்டும் என்று ஹாஜி முராத் சொன்னதாகப் பேச்சு பரவியது. உயிருக்கு ஆபத்து. தாய், மனைவி, பிள்ளைகள் எல்லாம் ஷாமிலின் பிடியில். தான் மட்டும் தப்பி 1851 நவம்பரில் ரஷ்யர்களிடம் வந்தார்.

இப்போது உங்கள் நண்பரின் ‘துரோகம்’ என்ற சொல்லை இதில் வைத்துப் பாருங்கள். துரோகம் செய்ய முதலில் ஒரு தேசம் வேண்டும், இல்லையென்றால் ஓர் அரசு வேண்டும். ஹாஜி முராத்துக்கு இருந்தவை ரத்தம், பால், விருந்து, பழி, சொந்த ஊர். இந்த ஐந்தில் எதையும் அவர் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் பால் சகோதரர்களைக் கொன்ற ஹம்ஸாத்தை விட்டுவைக்கவில்லை. தன்னைக் கட்டி இழுத்துப்போன ரஷ்யர்களோடு இருக்கவில்லை. கடைசியில் ரஷ்யர்களிடமிருந்து ஓடியதும் குடும்பத்தை மீட்கத்தான். திஃப்லிஸில் அவர் வைஸ்ராயிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: என் குடும்பத்தை மீட்டுக் கொடுங்கள், அப்புறம் என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். ரஷ்யர்களிடம் மலைக்கைதிகள் இருந்தார்கள், மாற்றிக்கொண்டிருக்கலாம். நாள் கடத்தினார்கள். இரண்டு அரசுகளுக்கும் அவர் ஒரு பண்டம். பண்டம் தன் விருப்பப்படி நகர்ந்தால் அதற்கு இரண்டு அரசுகளும் வைக்கிற பெயர்தான் துரோகம். இளம் டால்ஸ்டாய் அந்தப் பெயரை அப்படியே வாங்கித் திருப்பிச் சொன்னார்.

நாவலில் ஹாஜி முராத்துக்கு ஒரு மலைக்கதை நினைவுக்கு வருமே. மனிதர்களிடம் பிடிபட்டு வளர்ந்த பருந்து ஒன்று திரும்ப மலைக்குப் பறந்துபோகிறது. அதன் காலில் மணிகட்டிய வார் இருக்கிறது. உனக்கு மணி கட்டியவர்களிடமே போ, எங்களுக்கு மணியும் இல்லை வாரும் இல்லை என்று மற்றப் பருந்துகள் அதைக் கொத்திக் கொல்கின்றன. தனக்குப் போக இடமில்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்தேதான் கிளம்புகிறார்.

சரி, டால்ஸ்டாய் அப்போது எங்கே நின்றார்? இந்த இடம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

1851 மே மாதம் அவர் மூத்த அண்ணன் நிக்கலாயோடு காக்கசஸுக்கு வந்தார். படிப்பைப் பாதியில் விட்டவர், சூதாட்டக் கடன்காரர், வாழ்க்கையில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர். தெரெக் ஆற்றங்கரையில் ஸ்தாரோகிளத்கோவ்ஸ்கயா என்ற, ரஷ்ய எல்லையைக் காத்த கொசாக் குதிரைவீரர்களின் ஊரில் தங்கினார். அந்தக் கோடையிலேயே தானாக முன்வந்து ஒரு படையெடுப்பில் கலந்துகொண்டார். 1852 தொடக்கத்தில் பீரங்கிப் படையில் சேர்ந்து செச்சென்யாவுக்குள் போனார். பிப்ரவரியில் எதிரியின் குண்டு அவர் குறிபார்த்துக்கொண்டிருந்த பீரங்கியின் சக்கரத்திலேயே விழுந்தது. நூலிழையில் தப்பினார். ஹாஜி முராத் அப்போது ரஷ்யர்களின் கையில் உயிரோடு இருந்தார்.

அந்தப் போர் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நாவலின் பாதி புரியாது. 1845-ல் வரன்சோவ் பெரும்படையோடு ஷாமிலின் தலைநகரான தார்கோவுக்குப் போனார். ஊரைப் பிடித்தார். திரும்பும் வழியில் காட்டுக்குள் மலைக்காரர்கள் அவருடைய படையைச் சிதைத்தார்கள், ஆயிரக்கணக்கில் இழப்பு. அதன் பிறகு வேறு வழியை முழுமூச்சோடு கையில் எடுத்தார்கள்: கோடாரி. குளிர்காலத்தில், இலை உதிர்ந்து பதுங்க இடமில்லாத நேரத்தில், வருடா வருடம் செச்சென்யாவின் காடுகளை வெட்டிப் பீரங்கி போகும் அகலத்துக்குப் பாதை போட்டார்கள். பாதை போட்ட பக்கமெல்லாம் கிராமங்களை எரித்தார்கள், வைக்கோலையும் தானியத்தையும் கொளுத்தினார்கள். இனி அவ்தேயேவ் வரும் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். அவன் குண்டடிபடுவது மரம் வெட்டப் போன இடத்தில்தான். அதை வெறும் பின்புலக் காட்சி என்று நினைத்துத்தான் நானும் முதல் வாசிப்பில் கடந்துபோனேன். போரே அந்த மரம் வெட்டுதல்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

இதே வாழ்க்கையில் டால்ஸ்டாய்க்கு ஒரு செச்சேனிய நண்பர் கிடைத்தார், பெயர் சாதோ. மலை வழக்கப்படி ‘குனாக்’, அதாவது உயிர்கொடுக்கும் சிநேகிதர். டால்ஸ்டாய் ஓர் அதிகாரியிடம் சூதில் 500 ரூபிள் தோற்றுக் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். கட்ட வழியில்லை. திஃப்லிஸில் தவித்துக்கொண்டிருந்தபோது, 1852 ஜனவரியில், நிக்கலாயிடமிருந்து கடிதம் வருகிறது. சாதோ அதே அதிகாரியோடு சூதாடி அந்தப் பத்திரத்தை ஜெயித்து, டால்ஸ்டாய்க்குப் பரிசாகக் கொடுத்துவிட்டிருந்தார். தேதியைப் பாருங்கள். ஹாஜி முராத்தைக் கீழ்த்தரம் என்று எழுதி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதே ஊரில் இருந்துகொண்டு, ஒரு மலைக்காரரின் பெருந்தன்மையைச் சொல்லிச் சொல்லி அத்தைக்குக் கடிதம் எழுதுகிறார். 1853 ஜூனில் படைவரிசையை விட்டு முன்னால் குதிரையில் போன டால்ஸ்டாயைச் செச்சேனியர்கள் துரத்தினார்கள். அன்றும் கூட இருந்தவர் சாதோ. இருவரும் தப்பிக் குரோஸ்னி சேர்ந்தார்கள். 1872-ல் எழுதிய ‘காக்கசஸ் கைதி’ கதைக்கு விதை அந்த நாள்தான்.

இனி நாவலின் முதல் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஹாஜி முராத் ஷாமிலிடமிருந்து தப்பி ஓர் இரவு மஹ்கெத் கிராமத்தில் தங்குகிறார். ஊரே பகையாக இருக்கும்போது உயிரைப் பணயம் வைத்து அவருக்கு இடம் கொடுப்பவன் பெயர் என்ன? சாதோ. பின்னால், பதினேழாம் அத்தியாயத்தில், ரஷ்யப் படை போன பிறகு எரிந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, முதுகில் ஈட்டிமுனை குத்திச் செத்த மகனைப் பார்ப்பவனும் அதே சாதோ. அவன் வளர்த்த தேனீக்கள் கூட்டோடு எரிந்திருக்கின்றன. அவன் நட்ட மரங்கள் ஒடிக்கப்பட்டிருக்கின்றன. ஊர் ஊற்றை வேண்டுமென்றே அசிங்கப்படுத்தியிருக்கிறார்கள். ரஷ்யர்கள் மேல் வந்தது வெறுப்பு அல்ல, அதைவிட வலுவானது என்கிறார் டால்ஸ்டாய். இவர்கள் மனிதர்களே இல்லை என்ற அருவருப்பும் திகைப்பும் என்கிறார். தன் கடனை அடைத்த நண்பனின் பெயரை எடுத்து, தன் படை எரித்த வீட்டுக்காரனுக்கு அவர் வைத்திருக்கிறார். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கிராமத்தை எரிக்கும் அதிகாரி பட்லர் யார்? இளைஞன், நல்லவன், சூதாடித் தோற்பவன். மலைக்காற்றையும் ஆபத்தையும் அனுபவித்துக்கொண்டு உற்சாகமாகப் போகிறான். போரில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் என்ற பக்கம் அவன் கற்பனைக்கே வருவதில்லை என்று எழுதுகிறார். கொலைகாரனாக அவனைக் காட்டவில்லை, பாசத்தோடுதான் காட்டுகிறார். அந்த முகம் யாருடையது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் அந்த முட்செடி. 1896 ஜூலையில், 67 வயதில், டைரியில் எழுதுகிறார். உழுத கரிசல் நிலம், எங்கு பார்த்தாலும் ஒரு பச்சை இல்லை. ஓரமாக ஒரு முட்செடி, அந்தப் பக்கத்து வழக்கில் அதற்குத் ‘தாத்தார்’ என்று பெயர். மூன்று கிளை. ஒன்று முறிந்து அழுக்குப் பூவோடு தொங்குகிறது, இன்னொன்று சேறுபடிந்து முறிந்து கிடக்கிறது, மூன்றாவது தூசியில் கறுத்தும் உயிரோடு, நடுவில் சிவப்பாக நிற்கிறது. ஹாஜி முராத் நினைவுக்கு வந்தான், எழுத வேண்டும், உயிரைக் கடைசிவரை காக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். இது எல்லாரும் சொல்லும் செய்திதான். ஆனால் அந்த டைரிக் குறிப்பு எழுதப்பட்ட இடம் பிரகோவோ, அண்ணன் செர்கேயின் பண்ணை. 1851 கடிதம் யாருக்குப் போனதோ அதே அண்ணன். அவர் வீட்டுக்குப் போன இடத்தில்தான் ஹாஜி முராத் திரும்ப வந்து நிற்கிறார்.

நாவலின் முதல் பக்கத்தில் இதோடு ஒன்றைச் சேர்க்கிறார். கதைசொல்லி பூச்செண்டுக்காக அந்தச் செடியைப் பறிக்கப் பார்க்கிறான். முள் குத்துகிறது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு நார் நாராக முறிக்கிறான். கடைசியில் கையில் வரும்போது பூவே கசங்கிப்போயிருக்கிறது, அதன் இடத்தில் அழகாக இருந்ததை வீணாக்கினேனே என்று வருந்துகிறான். டைரியில் இது இல்லை. செடியைப் பார்த்ததாக எழுதியவர், நாவலில் அதை முறித்தவனாகத் தன்னை வைக்கிறார்.

அதே வருடம் ஆகஸ்டில் தங்கை மரியா துறவியாக இருந்த ஷமோர்தினோ மடத்தில் தங்கி முதல் வரைவை எழுதினார். பிறகு 1904 வரை திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். நடுவில் ‘புத்துயிர்ப்பு’ நாவல் வந்தது, 1901-ல் திருச்சபை அவரை விலக்கி வைத்தது, கிரீமியாவில் காஸ்ப்ராவில் சாகக் கிடந்து எழுந்தார். ஆனாலும் இதை விடவில்லை. உயிரோடு இருந்தவரை வெளியிடவும் இல்லை. அவர் 1910-ல் இறந்தார். 1912-ல் தணிக்கை வெட்டுகளோடு ரஷ்யாவிலும், வெட்டில்லாமல் பெர்லினிலும் வந்தது.

அகிம்சை பற்றிய கேள்வி நியாயமானது. இதே காலத்தில்தான் ‘கலை என்றால் என்ன?’ எழுதி, தன் நாவல்களையே மோசமான கலை என்று ஒதுக்கினார். விலக்கு கொடுத்த இரண்டே கதைகளில் ‘காக்கசஸ் கைதி’ ஒன்று. இதே காலத்தில்தான் 1895-ல் காக்கசஸில் ஆயுதங்களைக் குவித்து எரித்த துஹபோர்கள் என்ற விவசாயிகளுக்காகப் பாடுபட்டார். 1908-ல் எழுதிய ‘ஓர் இந்துவுக்குக் கடித’த்தில் நம் திருக்குறளையே எடுத்துக்காட்டினார்: ‘சிறப்பீனும் செல்வம் பெறினும் பிறர்க்குஇன்னா செய்யாமை மாசற்றார் கோள்.’ அந்தக் கடிதத்தைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார்.

இந்த மனிதர் ஹாஜி முராத்தைக் கொண்டாடினாரா? கடைசி அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். தப்பி ஓடும்போது ஹாஜி முராத் முதலில் சுடுவது நசாரோவ் என்ற கொசாக் பையனை. சுடுவதற்கு முன்பே டால்ஸ்டாய் நமக்கு அவனைச் சொல்லிவிடுகிறார்: ஏழைக் குடும்பத்து மூத்த பிள்ளை, தகப்பன் இல்லை, தாயையும் தங்கை தம்பிகளையும் காப்பாற்றுகிறவன். நாம் அவனை நேசிக்க ஆரம்பித்த நிமிடத்தில் நம் நாயகன் அவனைக் கொல்கிறார். கொலைக்கு அங்கே எந்தச் சமாதானமும் இல்லை. அதே சமயம் ஹாஜி முராத்தின் மரணத்தில் நாம் கலங்காமலும் இல்லை. போதிக்கும் டால்ஸ்டாய் ஒரு வரியில் சொல்லியிருக்கக்கூடியதை, சொல்லாமல் இரண்டு பிணங்களாக நம் முன் வைக்கிறார். அவருடைய கட்டுரைகளைவிட இந்த அத்தியாயம்தான் என்னைப் போருக்கு எதிரானவனாக ஆக்கியது.

இதனால்தான் அவ்தேயேவும் ஜாரும் தேவைப்படுகிறார்கள். அவ்தேயேவ் அண்ணனுக்குப் பதிலாகப் படைக்குப் போனவன். அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள், இவனுக்கு இல்லை. 25 வருடச் சேவை, ஊரைப் பொறுத்தவரை செத்தவன் மாதிரிதான். தாய் ஒரு ரூபிள் வைத்துக் கடிதம் அனுப்புகிறாள், அது திரும்பி வருகிறது. அந்தச் சின்னத் துப்பாக்கிச் சூடு அரசு அறிக்கையில் எப்படிப் பதிவாகிறது? மலைக்காரர்கள் பெரும்படையோடு தாக்கினார்கள், நம் பக்கம் ஒருவர் சாவு, அவர்கள் பக்கம் சுமார் 100 பேர் இழப்பு. வந்தது சில குதிரைக்காரர்கள்தான் என்பது நமக்குத் தெரியும்.

அந்த அறிக்கைகள் போய்ச் சேரும் இடம் ஜார் மன்னர் முதலாம் நிக்கலாஸ். பதினைந்தாம் அத்தியாயத்தில் அவர் ஒரு போலந்து மாணவனின் வழக்கில் முடிவெழுதுகிறார்: மரண தண்டனைக்கு உரியவன், ஆனால் கடவுள் அருளால் நம்மிடம் மரண தண்டனை இல்லை, ஆயிரம் பேர் வரிசைக்கு நடுவே பன்னிரண்டு முறை நடத்துக. பிரம்போடு நிற்கும் சிப்பாய்கள், 12000 அடி. யாரும் பிழைக்க முடியாது, அதுவும் அவருக்குத் தெரியும். அதே கையால் காட்டை வெட்டவும் தானியத்தை அழிக்கவும் உத்தரவு போகிறது, பட்லர் சாதோவின் ஊருக்குக் கிளம்புகிறான். இன்னொரு பக்கம் ஷாமில், ஹாஜி முராத்தின் மகனான பதினெட்டு வயது யூசுப்பிடம் கண்ணைப் பிடுங்குவேன் என்கிறார். இவர்கள் இருவரும் ஒரே கொடுங்கோன்மையின் ஐரோப்பிய முனை, ஆசிய முனை என்று டால்ஸ்டாய் பேச்சில் சொன்னதை ஒருவர் பதிவு செய்திருக்கிறார். நிக்கலாஸ் பற்றிய ஆவணங்களைத் தேட அவருக்கு உதவியவர்களில் ஒருவர் அந்த நிக்கலாஸின் பேரனான இளவரசர் நிக்கலாய் மிகைலோவிச், அவர் ஒரு வரலாற்றாசிரியர்.

உண்மை எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். அவ்தேயேவும் பட்லரும் கற்பனை. வரன்சோவ் போர் மந்திரிக்கு எழுதும் நீண்ட கடிதம் உண்மைக் கடிதம், பிரெஞ்சில் எழுதப்பட்டது. ஹாஜி முராத் தன் கதையைச் சொல்லச் சொல்ல வரன்சோவின் உதவி அதிகாரி லோரிஸ்-மெலிக்கோவ் எழுதிக்கொண்டதும் உண்மை. கடைசி நாட்களில் ஹாஜி முராத் தங்கியிருந்த நூஹா என்ற ஊரின் அதிகாரி கர்கானவின் மனைவி 1903-ல் உயிரோடு இருந்தார். டால்ஸ்டாய் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: அவர் கொஞ்சமாவது ரஷ்ய மொழி பேசினாரா? நொண்டியது வெளியே தெரியுமா? தப்பிப் போன குதிரைகள் யாருடையவை, என்ன நிறம்?

தலையை வெட்டியதும் நடந்ததுதான். 1852 ஏப்ரலில் நூஹாவுக்குப் பக்கத்தில் நான்கு துணைவர்களோடு சூழப்பட்டுச் சண்டையிட்டுச் செத்தார். உடல் அங்கே புதைக்கப்பட்டது, தலை பீட்டர்ஸ்பர்க் போயிற்று. அந்த மண்டையோடு குன்ஸ்ட்கமரா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து உடலோடு புதைக்க வேண்டும் என்று தாகெஸ்தானில் பலமுறை கேட்டிருக்கிறார்கள்.

டால்ஸ்டாய் தலையை முன்னாலும் சாவைப் பின்னாலும் வைத்ததைக் கவனித்தீர்களா? இருபத்துநான்காம் அத்தியாயத்தில் தலை வருகிறது. அதைப் பார்த்த மரியா திமித்ரியெவ்னா, கோட்டை மேஜரோடு வாழும் பெண், நீங்கள் எல்லாரும் கசாப்புக்காரர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். இருபத்தைந்தில்தான் ஹாஜி முராத் உயிரோடு குதிரை ஏறுகிறார். முடிவு தெரிந்துவிட்டதால் நாம் இனி யார் ஜெயிப்பார்கள் என்று பார்ப்பதில்லை. அவரை மட்டும் பார்க்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசிப்பதற்கு முன்னால் பதினேழாம் அத்தியாயத்தை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். இரண்டு பக்கம்கூட வராது. அதோடு, 1853-ல் வெளியான டால்ஸ்டாயின் ‘படையெடுப்பு’ சிறுகதை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு கிராமம் எரிகிறது. இருபத்து நாலு வயதில் எப்படிப் பார்த்தார், எழுபதில் எப்படிப் பார்த்தார் என்று நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.